என் அரட்டை இணைப்பைப் பாதுகாப்பாக்கிய அனுபவம்

1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்க்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் இணைய எழுத்து அரட்டையில், கீழக்கரை வீட்டிலிருந்தபடி நண்பர்களுடன் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். ஒருநாள், வலையமைப்பில் செல்லும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைக் கொண்டு என் இணைப்பையே ஆராய்ந்தபோது, சர்வரின் 6667ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாகக் கடவுச்சொல் எழுத்து மாறாமல் அப்படியே செல்வதைக் கண்டு நெஞ்சு பதைத்தது. எங்கள் வைஃபையை மாடிக் குடித்தனக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள்.

உடனே, வழியில் பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் டி.எல்.எஸ். குறியாக்கத்துக்குரிய 6697ஆம் போர்ட்டுக்கு மாறினேன். ஆனால், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கூறி இணைப்பு மறுக்கப்பட்டது. சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் எனச் சிலர் கூறுவர். அவ்வாறு செய்தால் இடையில் யாரும் சர்வரைப்போல் நடிக்க முடியும் என்பதால் நான் இணங்கவில்லை. தேடியபோதுதான் கணினியின் கடிகாரம் 2009இல் நிற்பது தெரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சி.ஆர். 2032 பேட்டரியின் பிடிப்புத் தகடு உப்புக்காற்றில் துருவேறிப் போயிருந்தது. தகட்டைச் சுரண்டித் துடைத்து, புதிய பேட்டரி போட்டுத் தேதியைத் திருத்தியதும் இணைப்பு கிடைத்தது, கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

டி.எல்.எஸ். காப்பது சர்வர் வரை மட்டுமே. சர்வரை நடத்துபவரால் உரையாடலைப் படிக்க முடியும். எனவே, தனிப்பட்ட பேச்சுக்கு, பேசும் இருவர் மட்டுமே படிக்கும்படி குறியாக்கும், 2004இல் வெளிவந்த ஓ.டி.ஆர். முறையை நானும் தொண்டியிலுள்ள நண்பரும் நிறுவி, இடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்ய, குறியாக்கச் சாவிகளின் அடையாளக் குறியீடுகளைத் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாக வாசித்து ஒப்பிட்டுக்கொண்டோம்.