சிலி பாடி இடித்து சம்பால் பெலாச்சான்: முதல்முறை செய்பவர்களுக்கு

முதன்முதலாக சம்பால் என்ற மலாய் மிளகாய்த் துவையலை இடிக்கிறவர்கள் பயந்துபோய் சிலி பாடி என்ற குட்டி மிளகாயை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பெரிய மிளகாய் நிறமும் சதையும் தரும். சுள்ளென்ற காரமும் அந்தப் பச்சை வாசமும் சிலி பாடியில்தான். மலாயில் ‘பாடி’ என்றால் நெல். உருவம் அவ்வளவு சின்னது, காரமோ, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 50,000 முதல் 100,000 வரை போகும்.

பெரிய சிவப்பு மிளகாய் 8, சிலி பாடி 4, அரைத் தீப்பெட்டி அளவு பெலாச்சான் (இறாலைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி), கஸ்தூரி எலுமிச்சை 3, உப்பு, அரைத் தேக்கரண்டி சீனி. பினாங்கு பெலாச்சானுக்குப் பேர்போன ஊர், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் பெலாச்சானை மெல்லிய வில்லையாகத் தட்டி, வெறும் சட்டியில் சிறுதீயில் வாட்டுங்கள். ஆரம்பத்தில் சட்டியில் ஒட்டும், நாற்றம்தான் வரும். பொறுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரம் காய்ந்து வெளுக்கும். கரண்டியால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். வறுத்த இறால் மணம் எழும். அதுதான் பதம். அடுக்குமாடியில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டில் துணி காயாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மிளகாயைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். காரம் விதையில் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அதிகம். காரம் தாங்காதவர்கள் அதை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும்.

அப்புறம் உரல். சிலி பாடியையும் உப்பையும் முதலில் போடுங்கள். உப்பு நெருநெருவென்று தோலைப் பிடித்துக்கொள்ளும், மிளகாய் வழுக்கி ஓடாது. இடது கையால் உரல் வாயை மறைத்துக்கொண்டு இடியுங்கள், கண்ணில் தெறிக்காது. அது மசிந்ததும் பெரிய மிளகாய், கடைசியில் பெலாச்சானும் சீனியும். தோல் அங்கங்கே தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். பிளெண்டர் வேண்டாம், தண்ணீர் விட்டால்தான் சுற்றும், சம்பால் சட்னியாகிவிடும்.

கை எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது. காரத்தைத் தரும் கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

எலுமிச்சையைச் சாப்பிடும் நேரத்தில் பிழியுங்கள். சுடுசோறு, பொரித்த கெம்போங் மீன், நறுக்கிய வெள்ளரிக்காய், ஓரத்தில் ஒரு கரண்டி சம்பால். மிச்சமிருந்தால் மறுநாள் கங்கோங் கீரையில் போட்டுப் பிரட்டிவிடுங்கள்.