வளைகுடாவில் பைலட் வேலை: கையெழுத்துப் போடும் முன் நோட்டில் போட வேண்டிய கணக்கு

குடியாத்தத்தில் இருக்கும் அண்ணன் மகன் போன மாதம் காட்பாடிக்கு வந்தான். ஒரு கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பா, இன்னொரு கையில் போன். போனில் அமீரகத்து விமான நிறுவனம் ஒன்றின் ஆஃபர் லெட்டர். அவன் இங்கே ஏர்பஸ் 320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), 2,800 மணி நேரம் பறந்திருக்கிறான். "சித்தப்பா, பத்து நாளில் பதில் சொல்லணுமாம். போகலாமா, வேணாமா?"

நான் ஆறு வருடம் வளைகுடாவில் பறந்துவிட்டுத் திரும்பியவன். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு நான்தான் ஆள். ஆனால் போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அதில் எழுதிய வரிசையைத்தான் கீழே தருகிறேன். வெளிநாட்டு வேலையை முதல் முறையாக யோசிப்பவர்களுக்கு இது போதும்.

முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்: ஆஃபர் லெட்டர், முழு ஒப்பந்தம் (லெட்டர் மட்டும் வந்திருந்தால் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்), கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, லாக்புக், பாஸ்போர்ட். கல்யாணமானவர் என்றால் மனைவியோ கணவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் போடும் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டி வரும்.

படி 1: திரும்பி வரும் வழியை முதலில் எழுதுங்கள்

எல்லோரும் சம்பளத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நான் அவனை எழுதச் சொன்னது வேறு: "எந்த வயதில், எந்த சீட்டுக்குத் திரும்பி வருவேன்?"

காரணம் சீனியாரிட்டி. கமாண்ட் (கேப்டன் பதவி), நல்ல பேஸ் (பறக்கத் தொடங்கும் ஊர்), பண்டிகை லீவு எல்லாமே நீங்கள் சேர்ந்த தேதியை வைத்து வருபவை. வேலையை விட்ட அன்றே அந்த வரிசை எண் போய்விடும். ஐந்து வருடம் கழித்து அதே கம்பெனிக்கு வந்தாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள். இங்கே இன்னும் ஒன்றரை வருடத்தில் கமாண்ட் வரும் என்ற நிலையில் இருப்பவர், அங்கே போய் ஏழெட்டு வருடம் வலது பக்க சீட்டில், அதாவது ஃபர்ஸ்ட் ஆபீசராகவே, உட்கார நேரலாம். அது நஷ்டமா இல்லையா என்பது அவரவர் விஷயம். ஆனால் தெரிந்து உட்கார வேண்டும்.

அப்புறம், வெளிநாட்டவராக வேலை செய்பவர் எப்போதும் விருந்தாளிதான். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கேப்டன்கள் போதாதபோது தற்காலிக அனுமதியில் வெளிநாட்டு கேப்டன்களைக் கூட்டி வந்தார்கள். நம் ஆட்கள் தேறி வரவர அவர்களைக் குறைத்தார்கள். யார் மேலும் கோபம் இல்லை, ஏற்பாடே அப்படித்தான். 2020-ல் கொரோனா வந்தபோது வளைகுடாவில் நம் பைலட்கள் பலர் ஒரே மெயிலில் வீட்டுக்கு வந்தார்கள். ஊரிலேயே இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது இங்கே இருந்தவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஆகவே முதல் பக்கத்தில் மூன்று விஷயங்கள். ஒன்று, இந்திய ஏடிபிஎல் (கேப்டனாக வேண்டிய லைசென்ஸ்) கையில் இருக்கிறதா? 1,500 மணி நேரம் தாண்டியும் பரீட்சையைத் தள்ளிப் போடுபவர்கள் நிறைய. அதை வாங்காமல் கிளம்பாதீர்கள், அங்கே போனபின் படிக்க நேரம் கிடைக்காது. இரண்டு, இந்திய மெடிக்கலை (மருத்துவத் தகுதிச் சான்றை) உயிரோடு வைத்திருப்பீர்களா? லீவில் வரும்போது புதுப்பித்துக்கொண்டே இருந்தால் திரும்பும் நாளில் தலைவலி இல்லை. மூன்று, அங்கே என்ன மாதிரி பறக்கப் போகிறீர்கள்? பெரிய விமானம், நீண்ட தூரம் என்றால் மணிக்கணக்கு ஏறும், லேண்டிங் ஏறாது. நாலு பைலட் சேர்ந்து போகும் 14 மணி நேரப் பயணத்தில் லேண்டிங் ஒருவருக்குத்தான். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கைக் காப்பாற்றவே சிலர் சிமுலேட்டருக்குப் போவார்கள். ஒரே நாளில் நாலு செக்டர் போய் அலுத்துக்கொள்ளும் அண்ணன் மகனுக்கு இது நம்ப முடியாமல் இருந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தையும் சேர்த்து 'விமானம் இல்லாத விமான நிலையம்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உடான் திட்டத்தில் ஓடுபாதையைச் சரி செய்திருக்கிறார்கள், இதை எழுதும்வரை பயணிகள் விமானம் வரவில்லை. கோயில் கேலி மட்டும் இப்போது செல்லாது. ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து 1981-ல் கோட்டைக்குத் திரும்பிவிட்டார். திரும்பி வர அவருக்கே நானூறு வருடம் போல ஆயிற்று என்றான் பையன்.

படி 2: சம்பளத்தை உரித்துப் பாருங்கள்

ஆஃபரில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அதைப் பிரித்து எழுதுங்கள்: அடிப்படைச் சம்பளம், வீட்டுப்படி, போக்குவரத்து, பறக்கும் மணிக்கான தொகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைத் தொகை வைத்துக்கொள்வோம். மொத்தம் மாதம் 30,000 திர்ஹாம், அதில் அடிப்படை 15,000. திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்றால் மாதம் 7,20,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது பணிக்கொடையைப் பாருங்கள். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதாவது வருடத்துக்கு 10,500 திர்ஹாம், ஐந்து வருடத்தில் 52,500. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் 1,05,000 வரும் என்று காத்திருப்பார், பாதிதான் வரும். ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். பென்ஷன் கிடையாது, பிஎஃப் நின்றுவிடும். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போனவர்கள். பென்ஷன் கணக்கு தெரியாமல் அங்கே யாரும் பெட்டி கட்டியிருக்க மாட்டார்கள். நாம் மட்டும் கட்டுகிறோம்.

பக்கத்துப் பத்தியில் இங்கே கையில் வருவதை எழுதுங்கள். புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் வரும் பணத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் செஸ். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் காட்பாடியில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை என்ற செலவே இல்லை, அங்கே உண்டு. கம்பெனி வீடே கொடுத்தால் ஒரு கணக்கு, பணமாகக் கொடுத்தால் இன்னொரு கணக்கு. வாடகை ஏறும்போது படி ஏறுமா என்று கேளுங்கள். பள்ளிக் கட்டணத்தில் எத்தனை குழந்தைக்கு, எந்த வகுப்பு வரை, எவ்வளவு தொகை வரை என்று கேளுங்கள்.

நல்லது ஒன்று: திர்ஹாம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் டாலரிடம் இறங்க இறங்க உங்கள் சம்பளம் ஊரில் கூடிக்கொண்டே போகும். இதைக் கணக்கில் எழுதாதீர்கள். வந்தால் லாபம்.

கடைசியாக, மாதத்தில் எத்தனை இரவு சொந்தக் கட்டிலில் படுப்பீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு அங்கே பறக்கும் நண்பர் ஒருவரின் மூன்று மாத ரோஸ்டரை (பறக்கும் நாள் அட்டவணையை) வாங்கிப் பாருங்கள். கம்பெனி காட்டும் மாதிரி ரோஸ்டரை நான் நம்புவதில்லை.

படி 3: வரி, வங்கி, நிலம்

வேலைக்காக வெளிநாடு போகும் வருடத்தில் நீங்கள் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-க்குள் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பியவர் தீபாவளிக்கு வந்து ஒரு வாரம் தங்கினால் கணக்கு உடைந்துவிடும். பைலட்களுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. வேலையாக சென்னைக்குப் பறந்து வந்து ஓட்டலில் ஒரு இரவு தங்குவதும் இந்தியாவில் இருந்த நாள்தான். இரவு இறங்கி மறுநாள் காலை கிளம்பினால் இரண்டு நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். லாக்புக் மாதிரி இதற்கும் ஒரு நோட்டு வையுங்கள்.

இந்தியாவில் வாடகை, வட்டி என்று வருடத்துக்கு 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருப்பவர்களுக்கு விதி வேறு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கட்டட வாடகை வரும் குடும்பமாக இருந்தால் ஆடிட்டரைப் பார்க்காமல் போகாதீர்கள்.

சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்காக) மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள், புதிதாக ஒரு என்ஆர்இ கணக்கு திறங்கள். அங்கிருந்து அனுப்பும் பணம் என்ஆர்இ-க்குப் போகட்டும், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பழைய பிபிஎஃப் முதிர்வு வரை ஓடும், புதிதாகத் திறக்க முடியாது.

நிலம். நம்மூர்க்காரர்களின் கனவே அங்கே சம்பாதித்து இங்கே நாலு ஏக்கர் வாங்கிப் போடுவதுதான். என்ஆர்ஐ ஆனபின் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வருவதை வைத்துக்கொள்ளலாம், வீடும் மனையும் வாங்கலாம். இதைச் சொன்னபோதுதான் பையன் முதல் முறையாகப் போனைக் கீழே வைத்தான்.

படி 4: பெயரும் பேப்பரும்

இது சின்ன விஷயம் போல இருக்கும், நாள் அதிகம் தின்பது இதுதான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, லைசென்ஸில் இன்னொரு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் மனைவியின் பெயரோடு உங்கள் பெயர் ஒட்டியபடி. ஒரே பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022-ல் கெடுபிடி கொண்டுவந்தது. முதலில் பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்து நடக்கட்டும்.

குடும்பத்தைக் கூட்டிப் போக கல்யாணப் பதிவுச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மண்டப ரசீதும் பத்திரிகையும் உதவாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். பிறகு மாநில அளவில், வெளியுறவு அமைச்சகத்தில், அமீரகத் தூதரகத்தில் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன்.

லைசென்ஸ் உண்மைதானா என்று அந்த நாட்டு ஆணையம் நம் விமானத் துறை ஆணையமான டிஜிசிஏ-வைக் கேட்கும். லாக்புக் கூட்டல் தப்பாக இருந்தால் அங்கே மாட்டும். இன்றைக்கே உட்கார்ந்து கூட்டுங்கள். ஆங்கிலத் தேர்ச்சி நாலாம் நிலையில் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி தேர்வு கொடுக்க வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒப்பந்தத்தில் தேதிகளைத் தேடுங்கள்

முதல் தேதி, சேர வேண்டிய நாள். 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டன் 12 மாதமும் ஃபர்ஸ்ட் ஆபீசர் 6 மாதமும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆஃபரில் மூன்று மாதத்தில் சேரச் சொல்லியிருந்தால் இடிக்கும். இங்கே ராஜினாமா கொடுப்பதற்கு முன் அங்கே சேரும் தேதியை எழுத்தில் மாற்றி வாங்குங்கள்.

இரண்டாவது, பாண்ட்: இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற உறுதி. நான் இடறி விழுந்தது இங்கேதான். மூன்று வருட பாண்ட் என்று கையெழுத்துப் போட்டேன். முதல் மூன்று வருடம் முடிந்த வாரம் இன்னொரு கம்பெனிக்கு மாறலாம் என்று ராஜினாமா கொடுத்தேன். மூன்று வருடம் என்பது சேர்ந்த நாளிலிருந்து இல்லை, லைன் செக் (பயிற்சியின் கடைசியில் வரும் பறக்கும் சோதனை) முடிந்த நாளிலிருந்து என்று உள்ளே ஒரு வரி இருந்திருக்கிறது. பயிற்சி ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்துக்கான தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான் படிக்கவில்லை. வருடா வருடம் பாண்ட் தொகை குறைகிறதா, இல்லை கடைசி நாள் வரை முழுத் தொகையா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, மெடிக்கல் போனால் எத்தனை மாதம் சம்பளம் வரும்? லைசென்ஸ் இழப்புக் காப்பீடு கம்பெனி தருகிறதா, நாமே எடுக்க வேண்டுமா? நமக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பரம்பரைச் சொத்து. நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

கம்பெனியே நேரடியாக எடுக்கிறதா, ஏஜென்சி மூலமா என்று பாருங்கள். ஏஜென்சி என்றால் சம்பளம் நின்றால் யாரிடம் கேட்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: சமையலறையில் ஒரு கூட்டம்

நான் அங்கே இருந்த நாலாவது வருடம், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தங்கை போன் செய்தாள். நான் சிட்னியில் லேஓவரில் இருந்தேன். என் ரோஸ்டர்படி மறுநாள்தான் திரும்பும் விமானம். அதை ஓட்டி வந்து, லீவு எழுதிக் கொடுத்து, சென்னை விமானம் பிடித்து, அங்கிருந்து 140 கிலோமீட்டர் சாலையில் வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. வளைகுடாவிலிருந்து சென்னை நாலு மணி நேரம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நாலு மணி நேரம் நீங்கள் பேஸில் இருக்கும்போது மட்டும்தான். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குடா வந்தே? லீவு வீணாப் போச்சே" என்றார்.

ஆகவே கூட்டம் போட்டுப் பேசுங்கள். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், முதல் ஆறு மாதம் மனைவி எங்கே இருப்பார், அவர் வேலையில் இருந்தால் அந்த வேலை என்ன ஆகும் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "பாத்துக்கலாம்" என்ற வார்த்தை நோட்டில் வரக்கூடாது. எங்கள் நோட்டில் நாலு இடத்தில் வந்தது, நாலையும் அண்ணி அடித்தார்.

பையன் அன்றிரவே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினான். மூன்று கேள்விகள்: ஆறு மாத நோட்டீஸுக்குச் சேரும் தேதியைத் தள்ளித் தருவீர்களா, வீட்டுப்படி எப்போது திருத்தப்படும், பாண்ட் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும்? முதல் இரண்டுக்கும் மூன்றாம் நாளே பதில் வந்தது, இரண்டும் திருப்தியான பதில்கள்தான். மூன்றாவதற்கு, ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. பார்த்தோம், அதில் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறான்.