பிக்கப் டிரக் மைலேஜ்: முதலில் அளவெடுங்கள், அப்புறம் மாற்றுங்கள்

மைலேஜ் குறைகிறது என்று தோன்றியதும் மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம், முதலில் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட்டு (அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கணக்கு கெடும்), ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி வழக்கம்போல ஓட்டுங்கள். மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். 540 கிலோமீட்டருக்கு 60 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 9. மூன்று நான்கு டேங்க் இப்படி எழுதி வைத்தால்தான் உங்கள் வண்டியின் சராசரி பிடிபடும். பெரிய டயர் மாட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓடியதைவிடக் குறைவான தூரத்தைத்தான் மீட்டர் காட்டும்.

அடுத்தது டயர். வண்டியை எடுப்பதற்கு முன்பே, டயர் சூடாகாதபோதே காற்றைப் பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்குள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது. பல பிக்கப்களில் முன், பின் டயர்களுக்கு வேறு வேறு அளவு சொல்லியிருப்பார்கள், எனவே நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் பின்பக்கத்தைக் காலி செய்யுங்கள். எப்போதோ தேவைப்படும் என்று போட்டு வைத்த சங்கிலி, கருவிப்பெட்டி, மிச்ச மணல் எல்லாவற்றையும் நின்று நின்று போகும் சாலையில் ஒவ்வொரு முறையும் எஞ்சின் புதிதாக இழுத்தாக வேண்டும். கேபினுக்கு மேல் பொருத்திய ரேக் வெறுமனே இருந்தாலும் காற்றைத் தடுக்கும்.

பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், மைலேஜ் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. கதவு மூடியிருக்கும்போது பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் உருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடுகிறது, அதனால் மூடியே ஓட்டுங்கள்.

என்னைக் கேட்டால், நெடுஞ்சாலையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வேகம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் கிட்டத்தட்ட 1.4 மடங்குதான் ஆகும், எதிர்ப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பிக்கப்பின் உயரமான, சதுரமான முகத்துக்கு இது கூடுதல் பாரம்.

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது, எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துபோகும் குட்டிப் பயணங்கள், தேவையில்லாத இடத்தில் நான்கு சக்கர இயக்கம், இவையும் எரிபொருளைக் குடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போகும். டயரைச் சரிசெய்து இரண்டு டேங்க் ஓட்டிப் பாருங்கள், எழுதுங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.