ராமநாதபுரம் கரையோரத்தில் துப்பாக்கி சுட எந்தக் கேலிபர்?

கேலிபரை, அதாவது துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவை, முடிவு செய்யுமுன் எதைச் சுடப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். அதைச் சட்டமே நமக்குச் செய்து வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. சீமைக்கருவேலங்காட்டிலிருந்து இறங்கி வயலை உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றியைக்கூட வனத்துறையின் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் சுடக் கூடாது. "ஏர் கன்தானே, லைசென்ஸே வேண்டாமே" என்று கண்மாயில் கொக்கையும் மடையானையும், காட்டில் கவுதாரியையும் சுடுகிறார்கள். அதுவும் வேட்டைதான், அதற்கும் வழக்கு உண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் என்று பறவைகளுக்காகவே சரணாலயங்கள் உள்ள மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆக, இங்கே கேலிபர் பார்ப்பது தாள் இலக்குக்காக.

எண்ணைப் படிக்கும் விதத்திலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். .22 என்றால் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம், அவ்வளவுதான் அது சொல்லும். சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டாவின் ஆற்றல் சுமார் 140 ஜூல். கிட்டத்தட்ட அதே விட்டமுள்ள .223 ரெமிங்டனுக்குச் சுமார் 1,700 ஜூல். வித்தியாசம் குண்டுக்குப் பின்னாலுள்ள கேஸிலும் (தோட்டாவின் உலோகக் கூடு) அதிலுள்ள வெடிமருந்திலும் இருக்கிறது. குழலில் பொறித்திருக்கும் தோட்டாவின் முழுப் பெயரும், தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு .177 ஏர் ரைபிள், அதாவது 4.5 மி.மீ. இதில் இரண்டாவது யோசனையே தேவையில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, விட்டம் .177-ஐத் தாண்டினாலோ ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். 10 மீட்டர் போட்டி ரைபிளில் 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகிறது; கணக்குப் போட்டால் 8 ஜூல்தான். தாளைத் துளைக்க அது தாராளம். தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள். அது தாளில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். உருண்டைத் தலை 25 மீட்டருக்கு மேல் சுடுவதற்கு. டப்பாவைக் குலுக்கினால் பெல்லட்டின் பின்விளிம்பு நசுங்கும். நசுங்கியது நேராகப் போகாது. ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் முகப்பில் மோதி சீல் கிழியும். அழுத்த அறைக்குள் எண்ணெய் விட்டால் அது தீப்பிடித்து வெடிக்கும், வேகம் தாறுமாறாகும்.

அடுத்த படி .22 லாங் ரைபிள், 50 மீட்டர். இதற்கு லைசென்ஸ் கட்டாயம், துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது நல்லது. இந்தக் கரையில் .22 சுடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது காற்று. மணிக்கு 16 கி.மீ. காற்று குறுக்கே அடித்தால், ஒலியைவிட மெதுவாகப் போகும் 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு 50 மீட்டரில் சுமார் 3 செ.மீ. தள்ளிப் போகும். 50 மீட்டர் தாளில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. இடைவெளி. பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும்.

"வேகமான தோட்டா வாங்கினால் காற்றை வெட்டிக்கொண்டு போகும்" என்ற எண்ணம் .22-இல் தலைகீழ். ஹை வெலாசிட்டி குண்டு ஒலிவேகத்தைத் தாண்டிக் கிளம்புகிறது. அந்த வேகத்தில் காற்றுத்தடை சட்டென்று கூடுவதால் வழியில் அதிக வேகத்தை இழக்கிறது. காற்று எவ்வளவு தள்ளும் என்பது அந்த இழப்பைப் பொறுத்தது. அதனால் மெதுவான குண்டைவிட இது அதிகம் விலகும். கேட்டு வாங்க வேண்டியது ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகம்) அல்லது மேட்ச் (போட்டிக்கான) தோட்டா, நொடிக்கு 320 முதல் 330 மீட்டர்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையிலேயே சுட்டு முடித்துவிடுங்கள்; வெயில் ஏறி கடற்காற்று சேர்ந்துகொண்டால் கொடி ஒரு நிலையில் நிற்காது. 10, 25, 40 மீட்டரில் மெல்லிய துணி நாடா கட்டுங்கள். இலக்குப் பக்கத்து நாடாவைவிட உங்கள் பக்கத்து நாடாவுக்கு மதிப்புக் கொடுங்கள். தொடக்கத்தில் விலகிய கோணம் கடைசிவரை கூடிக்கொண்டே போகும்.

பெரிய கேலிபர்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். .303, 7.62 மி.மீ. இரண்டும் இங்கே தனியாருக்குத் தடை. இஷாப்பூர் ஆலையின் .315 ரைபிள் லைசென்ஸில் கிடைக்கும். ஆனால் 244 கிரெயின் குண்டு, கனத்த உதை, விலையுள்ள தோட்டா. தாள் இலக்குக்கு அது வீண். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் தொற்றினால் போக வெகுநாளாகும். வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில் வேலை செய்கிறவர்கள் அந்த நாட்டு விதியிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டு (சுமார் 2,300 ஜூல்) ஆற்றலும் வேண்டும்; .243 அதைத் தாண்டிவிடும். நமீபியாவில் குடு என்ற பெரிய மான் மாதிரி விலங்குக்குக் குறைந்தது 2,700 ஜூல்; அங்கே .30-06 தோட்டா பொருந்தும்.

இந்தச் சமதரையில் குண்டை நிறுத்த மலை கிடையாது. .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும், .30-06 நாலு கிலோமீட்டரையும் தாண்டும். பனங்காடும் சீமைக்கருவேலமும் தடுப்பு ஆகாது. கடலைப் பார்த்துச் சுடவே கூடாது: தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட குண்டு எம்பித் திசைமாறிப் பறக்கும், அப்பால் வள்ளத்தில் ஆள் இருப்பார். அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்ச் (சுடுதளம்) மட்டுமே சரி.

கேலிபர் முடிவானபின் பிராண்டைத் தேர்வது தாளில்தான். மூன்று நான்கு பிராண்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். பிராண்டு மாற்றும்போதெல்லாம் முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய குண்டின் மெழுகும் ஈயமும் குழலில் ஒட்டியிருக்கும். பிறகு ஒரு கூட்டத்துக்கு ஐந்து தோட்டா என்று ஐந்து கூட்டம் சுட்டு, ஒவ்வொன்றிலும் மிகத் தொலைவிலுள்ள இரண்டு துளைகளின் இடைவெளியை அளந்து சராசரி எடுங்கள். மிகச் சிறிய கூட்டத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். ஜெயித்த பிராண்டில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். சூடேறினால் வேகம் மாறும், துளை மேலே கீழே ஓடும்.

உப்புக்காற்று கேலிபர் பார்க்காது. சுட்ட அன்றே வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கைவியர்வை பட்ட போல்ட், விசைக் காவல், ஸ்கோப் திருகு மூன்றிலும்தான் முதலில் துரு பூக்கும். நுரை உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் போட்டு வைத்தால் ஈரத்தை உறையே பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டுள்ள பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் சூடுகாட்டி உலர்த்திவிட்டுத் திரும்ப வையுங்கள், வாடை மாதங்களில் அடிக்கடி.