சிறு பனியன் கம்பெனியை நேரடி ஏற்றுமதிக்குத் தயார் செய்வது எப்படி?

வெளிநாட்டுக்குப் போகிற டி-ஷர்ட்டைத் தைப்பது திருப்பூரில் பல நேரம் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்தான். ஆனால் லேபிளில் இருக்கும் பெயரைத் தவிர, சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பீஸுக்கு இவ்வளவு என்று பெரிய கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த லாட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒருவரை நேரடி ஏற்றுமதியாளராக்க நீங்கள் உதவப் போகிறீர்கள் என்றால், அவருடைய மகளோ ஆடிட்டரோ தொண்டு நிறுவன ஊழியரோ யாராக இருந்தாலும் சரி, முதல் ஆர்டரைப் பிடிப்பதை இலக்காக வைக்காதீர்கள். விலையைக் குறைத்தால் முதல் ஆர்டர் யாருக்கும் வரும். அதே பையர் இரண்டாவது ஆர்டர் போடுகிறாரா, அதில் லாபம் நிற்கிறதா என்பதைப் பாருங்கள். கருத்தரங்கு, சான்றிதழ், கண்காட்சியில் ஸ்டால் எல்லாம் அப்புறம்.

ஓனரோடு உட்கார்ந்து ஒரே ஒரு டி-ஷர்ட்டுக்கு நூலிலிருந்து காஸ்டிங் போடுங்கள். நூல், நிட்டிங், டையிங், துணி பிறகு சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை, இதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகவே இருக்கும். விட்டுப்போவது வேறு: டையிங்கில் குறையும் எடை, கட்டிங் வேஸ்ட், குறையால் செகண்ட்ஸாக ஒதுங்கும் பீஸ், திரும்பத் திரும்ப அனுப்பும் சாம்பிளுக்கான கூரியர், பணம் வரும்வரை ஓடும் வட்டி. சட்டை 150 கிராம் எடை நிற்கிறது என்பதற்காக 150 கிராம் துணிக்கு விலை போட்டால் நஷ்டம், வேஸ்ட்டைச் சேர்த்தால் 180 கிராம்கூட ஆகலாம். பையர் 60 நாள் கடன் கேட்கிறார் என்று வையுங்கள், நூல் வாங்கிய நாளிலிருந்து பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஓடிவிடும், 12 சதவீத வட்டியில் அதுவே 5 சதவீதம், பல ஆர்டர்களில் மொத்த லாபமே அவ்வளவுதான். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் டிராபேக் போன்ற அரசுச் சலுகைகளைத் தனி வரியில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் நஷ்டம் என்கிற விலையில் ஆர்டர் எடுக்க விடாதீர்கள்.

அடுத்து எதில் போட்டி போடுவது என்பது. சாதாரண வெள்ளை டி-ஷர்ட்டை லட்சக்கணக்கில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆட்டத்தில், வரியே இல்லாமல் உள்ளே போகும் வங்கதேசத்தோடு நாற்பது மெஷின் யூனிட் மோதக் கூடாது. பெரிய ஃபேக்டரி தொட விரும்பாத 500, 1,000 பீஸ் ஆர்டர், குழந்தைகள் உடை, ஆர்கானிக் காட்டன், நிறைய கலர் நிறைய சைஸ் உள்ள ஸ்டைல், இங்கேதான் சின்ன யூனிட்டுக்கு இடம். நம் நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கும் நாடுகளையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதலும் ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் கடைசியிலிருந்தும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, உரிய பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் நம் ஆடைக்கு அங்கே இறக்குமதி வரி இல்லை. ஒரே நாட்டை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரே பார்த்தது.

தரம் என்றால் எல்லோரும் தையலைத்தான் பேசுவார்கள், தையலில் நம் டெய்லர்கள் லேசில் குறை வைக்க மாட்டார்கள். பிரச்சினை வருவது ரோலுக்கு ரோல் மாறும் ஷேடிலும், துவைத்ததும் சுருங்கும் துணியிலும், அளவிலும். அதனால் கட்டிங்குக்கு முன்பே ஒவ்வொரு ரோலிலிருந்தும் துண்டு வெட்டித் துவைத்து அளந்து எழுதிவைக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள், ஒரு வாஷிங் மெஷினும் ஒரு நோட்டும் போதும். பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் எப்படிக் கணக்கிடுவார் என்பதையும் முன்னாலேயே காட்டிவிடுங்கள். ஆடைகளுக்கு வழக்கமான ஏகியூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 முறையில் 3,000 பீஸ் லாட் என்றால் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார், பெரிய குறை 7 வரை பாஸ், 8 ஆனால் லாட்டே நின்றுவிடும். அவர் வருவதற்கு முன் அதே பரிசோதனையை நீங்களே செய்து பாருங்கள்.

குழந்தைகள் உடை என்றால் இன்னும் கவனம். ஐரோப்பியத் தர விதிப்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறு தொங்கக் கூடாது, ஹூடிக்கு அழகாக நாடா கோர்த்து அனுப்பினால் மொத்தமும் போச்சு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்ததா என்று பதிவேடு வேண்டும். தடைசெய்யப்பட்ட அசோ சாயத்திலிருந்து வரும் அமீன் என்கிற தீங்கான ரசாயனங்களுக்கு ஐரோப்பாவில் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம், ஆகவே டையிங் யூனிட்டிடமிருந்து டெஸ்ட் ரிப்போர்ட் வாங்காமல் துணியை எடுக்காதீர்கள்.

டையிங் பற்றிப் பேசும்போது ஒன்று. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள்தான் மறுபடி ஓட்ட முடிந்தது. அந்தச் செலவு நம் விலையில் ஏறிவிட்டது, அதைப் புலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த சுத்திகரிப்பு நிலையம், எவ்வளவு தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது என்று ஒரே பக்கத்தில் போட்டோவோடு பையருக்கு அனுப்புங்கள். ஐரோப்பிய பையர்கள் இதை ஆவலோடு படிப்பார்கள்.

பேப்பர் வேலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஏற்றுமதி இறக்குமதிக்கு வேண்டிய ஐஇசி எண்ணுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்தாக வேண்டும், மறந்தால் முடங்கிவிடும். ஜிஎஸ்டியில் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்கிற உறுதிக் கடிதம், சுங்கத்தில் ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் ஏடி கோடு எண், ஆடை ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சிலில் பதிவு. இவ்வளவையும் ஆர்டர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பணத்தில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம். புது பையரிடம் கொஞ்சம் அட்வான்ஸ், மீதிக்கு எல்சி, அதாவது பையரின் வங்கி தரும் பண உத்தரவாதம். கடனில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பையர் பணம் தராவிட்டால் இழப்பீடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசியில் காப்பீடு எடுத்து, அவர்கள் அந்த பையருக்கு எவ்வளவு கடன் வரம்பு தருகிறார்கள் என்று பாருங்கள். வரம்பு தர மறுத்தால் அதுவே பதில்.

பையரின் மெயிலுக்கு அன்றைக்கே பதில் போட ஒரு ஆளை வையுங்கள், குறிப்பாகக் கெட்ட செய்திக்கு. டையிங் ஒரு வாரம் தள்ளுகிறது என்று இப்போதே சொன்னால் அவர் தன் பக்கத்தில் ஏதாவது மாற்றிக்கொள்வார், ஷிப்மெண்ட் தேதியன்று சொன்னால் விமானத்தில் அனுப்பச் சொல்லிச் செலவை உங்கள் தலையில் கட்டுவார். சரக்கு போய்ச் சேர்ந்ததும் என்ன குறை வந்தது என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள், டையிங் ரெசிபி, பேட்டர்ன் மூன்றையும் ஒரே கவரில் எடுத்துவைத்தால் ரிப்பீட் ஆர்டருக்கு அதே ஷேடும் அதே அளவும் வரும்.

இரண்டு ரிப்பீட் வரும்வரை ஜாப் ஒர்க்கை விடச் சொல்லாதீர்கள், வாரக்கூலி அதிலிருந்துதான் போகும். அப்புறம், ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனியின் பையருக்கே பின்வாசல் வழியாக மெயில் போடும் ஆசை கண்டிப்பாக வரும். தடுத்துவிடுங்கள். திருப்பூரில் எந்தச் செய்தியும் டீக்கடை வரைக்கும் வந்துவிடும், அதற்குப் பிறகு டையிங்காரர் கடன் கொடுக்கவும் யோசிப்பார்.