சுறாவும் மூழ்கிய கப்பலும்: எந்தக் கடற்கரைக்குப் போவது?

சுறா பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: சுறா தானாக வரும் இடம் வேண்டுமா, இரை போட்டு வரவழைக்கும் இடம் வேண்டுமா? பஹாமாஸின் டைகர் பீச்சில் மீன் துண்டங்களைக் காட்டிப் புலிச்சுறாக்களை அருகில் வரவைப்பார்கள். படம் அருமையாக வரும். புளோரிடா மாநிலக் கடல் எல்லைக்குள் டைவர்கள் மீன்களுக்கு இரை போடுவதற்கே தடை இருக்கிறது. என் மனம் தானாக வரும் சுறா பக்கம்தான். மூழ்கிய கப்பலைத் தன் வீடாக வைத்துக்கொண்டு, நம்மைச் சட்டை செய்யாமல் சுற்றி வரும் சுறாவைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

அப்படிச் சுறாவும் கப்பலும் ஒரே இடத்தில் கிடைக்கும் கடற்கரைகள் அதிகம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே உள்ள அலிவால் ஷோல் ஒன்று. டர்பன் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் ஜூன் முதல் நவம்பர் வரையிலான பருவத்தில் போய் வாருங்கள். அங்கே ‘ராகி’ என்று அழைக்கும் சுறாவைப் பார்க்கலாம். 1884-ல் மூழ்கிய நெபோ, 1974-ல் மூழ்கிய புரொட்யூஸ் என்ற இரண்டு கப்பல்களும் பக்கத்திலேயே கிடக்கின்றன. இன்னொன்று அமெரிக்காவின் வட கரோலினா. ராலேயில் குடியிருந்துகொண்டு கோடையில் வாரக்கடைசியானால் கடற்கரைக்கு ஓடுகிறவன் என்பதால், இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல முடியும்.

1942-ன் முதல் பாதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரையோரம் சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் வரிசையாக மூழ்கடித்தன. ஏற்கெனவே புயலாலும் மணல்திட்டுகளாலும் கப்பல்களை விழுங்கிய கடல் இது. இதற்கு ‘அட்லாண்டிக்கின் கல்லறை’ என்றே பெயர். அடித்தளம் பெரும்பாலும் வெறும் மணல்வெளி. அதில் மேடு என்று இருப்பது கப்பல்தான். சிறுமீன்கள் அதைச் சுற்றி மேகம்போலத் திரளும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும், சுறாவும் வரும். வளைகுடா நீரோட்டம் பக்கத்திலேயே ஓடுவதால் கோடையில் கரையிலிருந்து விலகிப் போகப் போக நீர் நீலமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

இங்கே பார்க்கக் கிடைப்பது சாண்ட் டைகர் சுறா. தென்னாப்பிரிக்க ராகியும் இதுவும் ஒரே இனம். மூன்று மீட்டர் வரை வளரும். வாயை மூடினாலும் கோணல்மாணலான பற்கள் வெளியே துருத்தி நிற்கும். பார்த்தால் வயிறு கலங்கும், ஆனால் சாது. மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொள்வதால், நடுநீரில் அசையாமல் மிதக்க முடிகிறது. தாயின் இரண்டு கருப்பைகளிலும் முதலில் வளரும் குட்டி மற்றவற்றைத் தின்றுவிடும். அதனால் ஒரு பேற்றுக்கு இரண்டே குட்டிகள்தான். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிர், இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. உடலிலுள்ள புள்ளிகளை வைத்து ஒவ்வொரு சுறாவையும் அடையாளம் காணும் ‘ஸ்பாட் எ ஷார்க்’ திட்டத்தை வட கரோலினா அக்வேரியங்கள் நடத்துகின்றன. டைவர்கள் எடுத்த படங்களைக் கொண்டே, சில பெண் சுறாக்கள் அதே கப்பலுக்குத் திரும்பி வருவதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் படங்களையும் அனுப்புங்கள். பக்கவாட்டில், முழு உடலும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

இனி ஊர். ஹட்டெராஸில் டிக்சி ஆரோ போன்ற அழகான கப்பல்கள் உண்டு, ஆனால் நீரோட்டத்தின் வேகமும் கடலின் மனநிலையும் நாளுக்கு நாள் மாறும். வில்மிங்டன் பக்கம் போனால், கப்பலோடு மெகலடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல் கிடைக்கும் பாறைத்திட்டுகளும் உண்டு. முதல்முறை வருபவருக்கு நான் சொல்வது மோர்ஹெட் சிட்டி. காரணம், ஆழத்தில் அங்கே தேர்வு அதிகம்.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கரிப்சீ என்ற சரக்குக் கப்பல் 27 மீட்டர் அளவில் கிடக்கிறது. சுறா நிறைய வரும் இடம். தொடக்கநிலைக்கு அடுத்த ‘அட்வான்ஸ்டு’ டைவிங் சான்றிதழ் கையில் உள்ளவர் இதிலிருந்து தொடங்கலாம். 2004-ல் செயற்கைப் பாறையாக மூழ்கடித்த ஸ்பார், 1988-ல் மூழ்கடித்த ஏயோலஸ் ஆகிய இரண்டு கப்பல்களும் 33 மீட்டர் அளவில் உள்ளன. 1942 மே 9-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இகாரஸ் மூழ்கடித்த யு-352 நீர்மூழ்கி, வலப்பக்கம் சாய்ந்தபடி 35 மீட்டரில் இருக்கிறது. அது இறந்த மாலுமிகளின் கல்லறையும்கூட. உள்ளே போகவோ எதையும் எடுக்கவோ கூடாது. அட்லஸ் என்ற எண்ணெய்க் கப்பல் இன்னும் ஆழம். அது தாக்கப்பட்ட 1942 ஏப்ரல் 9 அன்றுதான் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியும் ஜப்பானிய விமானங்களால் மூழ்கியது. ஹெர்மிஸ் 53 மீட்டரில் இருப்பதால் பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையைத் தாண்டியது. இலங்கைக்குப் போகிறவர்கள் அன்றே மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலைப் பாசிக்குடா பக்கம் 24 மீட்டர் அளவில் பார்க்கலாம். அங்கே கப்பலுக்காகப் போங்கள், சுறாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று, அதற்கான சான்றிதழ் இல்லாமல் இங்கே வருவது பணத்தை வீணாக்குவது. 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் 20 நிமிடம்தான் தங்கலாம், 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸில் அரை மணி நேரம். ஆனால் ஆக்சிஜனே நஞ்சாகாமல் இருக்க வைத்திருக்கும் 1.4 என்ற அழுத்த வரம்பில் அந்தக் கலவை 33 மீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். யு-352-க்கு 30 சதவீதம் கேட்டு வாங்குங்கள். எந்தக் கலவையானாலும் டேங்கில் உள்ள ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து பார்த்துவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும்.

மே முதல் அக்டோபர் வரை போகலாம். ஆகஸ்டு பிறந்தால் புயல் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது ஜூன் கடைசியும் ஜூலையும். எந்த மாதமானாலும் இரண்டு டைவுக்காக ஒரே நாள் மட்டும் வராதீர்கள். காற்று எழுந்தால் கேப்டன் பயணத்தை ரத்து செய்துவிடுவார், அது சரியும்கூட. மூன்று நாள் ஒதுக்கினால் ஒரு நாளாவது கடல் வழிவிடும். முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காமல், இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்றும் பாருங்கள். நாலடி அலை பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் தாலாட்டு, ஐந்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் குடல் வெளியே வரும். போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் இது, வாந்தி மாத்திரையை முந்தைய இரவே போட்டுக்கொள்ளுங்கள்.

படகுக்குப் பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: போன வாரம் எந்தக் கப்பலில் சுறா நின்றது? படகின் பின்பக்கத்திலிருந்து ஆங்கர் (நங்கூர) கயிறு வரை பிடித்துப்போகக் கயிறு கட்டுவார்களா? வழிகாட்டி கூட இறங்குவாரா? இங்கே பல படகுகளில் வழிகாட்டி இறங்க மாட்டார், நீங்களும் உங்கள் கூட்டாளியும்தான். ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த படகைப் பாருங்கள்.

கீழே போனதும் சுறாவைத் துரத்த வேண்டாம். கப்பலின் ஓரத்தில் ஓர் இடம் பார்த்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு நில்லுங்கள். சுறாக்கள் தம் சுற்றுப்பாதையில் உங்கள் பக்கம் வந்தே தீரும். உடைசலுக்குள் ஒன்று இருந்தால் வாசலை மறித்து நிற்காதீர்கள். மிரண்டால் வாலைச் சுழற்றிப் பாயும்போது வெடிபோலச் சத்தம் கேட்கும். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே ஆங்கர் கயிற்றுக்குத் திரும்பிவிடுங்கள், நீரோட்டத்தை எதிர்த்து நீந்த அது வேண்டியிருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கும் கடைசி டைவுக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்கட்டும். அந்த நாளையும் விடுமுறைக் கணக்கில் சேர்த்தே டிக்கெட் எடுங்கள்.