காலாப்பட்டு வளாகத்தில் குழந்தைகளோடு ஒரு நடை

புதுச்சேரியிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு. 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இங்கே ஏறக்குறைய 800 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. குழந்தைகளோடு வருபவர்களைச் சிரமப்படுத்துவதே இந்தப் பரப்புதான். உள்ளே போகும்போது எல்லாருக்கும் தெம்பு இருக்கும். கேட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியதும் நாலு வயதுப் பிள்ளை "தூக்கு" என்று நின்றுவிட்டால், பதினைந்து கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியெல்லாம் திரும்ப வேண்டும்.

அதனால் இருப்பதிலேயே சின்னக் காலுக்குத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு வயதுக்குப் போக வர ஒன்றரைக் கிலோமீட்டர் போதும். ஆறு முதல் எட்டு வயது வரை மூன்று கிலோமீட்டர் நடப்பார்கள். பாட்டி, தாத்தா கூட வந்தால் அவர்கள் முழங்கால்தான் கணக்கு. ஒரு மணி நேர நடை என்றால் முப்பதாவது நிமிடத்தில் அல்ல, இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே திரும்பிவிடுங்கள். போனில் அலாரம் வையுங்கள். களைத்த குழந்தை அடிக்கடி நிற்கும், திரும்பும் வழிக்கு எப்போதும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இது பூங்கா இல்லை, வகுப்பு நடக்கும் இடம். வெளியாட்கள் கேட்டில் காவலரிடம் கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். விடுதிகள், ஆய்வகங்கள், ஊழியர் குடியிருப்புப் பக்கம் போக வேண்டாம். நூலகத்தருகே பிள்ளைகள் குரலைத் தாழ்த்தட்டும். அது ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில் உள்ள நூலகம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். நாட்குறிப்பு எழுதச் சலிக்கும் பிள்ளையிடம் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது!

மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடற்காற்று வீசினாலும் ஏமாறக் கூடாது. அது வியர்வையை உடனே உலர்த்துவதால் தாகம் தெரியாது, தலைவலி வரும்போதுதான் உறைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் எடுத்துப் போய், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு கொடுங்கள். மாலையில் வருவதானால் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பிள்ளை ஓரப் பக்கம், பெரியவர் வண்டிப் பக்கம். வகுப்பு தொடங்கும், முடியும் வேளைகளில் இருசக்கர வண்டிகள் வரிசையாக வரும்; அப்போது கைகோத்து அகலமாகப் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் மணலில் புதையும் என்பதால் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம்.

மண் பாதையில் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். நெருஞ்சி முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். மழைக்குப் பிறகு செம்மண் வழுக்கும். ஓடை அரித்த விளிம்பு மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் குடைந்திருக்கும், அதன் மேல் பிள்ளையை நிற்க விடாதீர்கள். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி சகஜம். கோடையில் கீழே கிடக்கும் பழத்தைவிடக் கொட்டைதான் ஆபத்து. அதன் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், கடித்தால் உதடு புண்ணாகும். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதுவரை கண்ணைத் தேய்க்க விடக் கூடாது.

சருகுக் குவியலிலும் புதரிலும் கையோ காலோ விட வேண்டாம். கண்ணாடி விரியனின் நிறம் சருகோடு கலந்துவிடும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். காலாப்பட்டிலேயே பிம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. நாய் நெருங்கினால் ஓடாமல் அசையாது நிற்கப் பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்குங்கள். பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும்.

பேருந்தில் வந்து போகிறவர்கள் போகும்போதோ வரும்போதோ ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். மொத்த நடையிலும் அதிக ஆபத்து அங்கேதான், அதுவும் பிள்ளை களைத்திருக்கும் நேரத்தில். கேட்டுக்கு உள்ளேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சின்னதைத் தூக்கிக்கொண்டு, பெரியதன் விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடித்துக் கடந்து போங்கள்.